படகுக்கு அஸ்திவாரம்

நீங்கள் அச்சடித்தது பொய், முதலாளி.

உங்கள் விடுதியின் பத்தாம் ஆண்டு மலரில், உங்கள் பழனிக் கடை விளம்பரத்துக்கு எதிர்ப்பக்கத்தில், ‘படகோட்டியின் கவனக்குறைவால் நமது விசைப்படகு ஏரியில் மூழ்கியது’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் படகை மூழ்கடித்தவன் நான். அதற்கு முன்னால் அதன் இன்ஜினைத் தீய்த்தவர் நீங்கள். படகோட்டி செய்த ஒரே காரியம், நம் இரண்டு பேருக்கும் வேளாவேளைக்குச் சரியான யோசனை சொன்னதுதான்.

அந்த ஒரு வரியால் இப்போது ஒருவருக்குப் பிழைப்பு போகிறது. ஏரியில் புதிதாகப் படகு விடப்போகிறவர்கள் ஆள் எடுக்கிறார்கள். படகோட்டி வடகவுஞ்சியிலிருந்து பஸ் ஏறி வந்து வேலை கேட்டார். படகை மூழ்கடித்த ஆள்தானே, மலரிலேயே போட்டிருக்கிறதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் ஆள் எடுத்து முடித்துவிடுவார்கள். அதனால், உங்களோடு ஊரும் படிக்கட்டும் என்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னைப் பற்றி வருகிற இடங்களில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். பத்து வருடமாக ஊர் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

நான் பம்புசெட் மெக்கானிக். சொந்த ஊர் பாலசமுத்திரம். மலை ஏறி வந்தபோது என்னிடம் ஒரு ஸ்பேனர் செட்டும், வாய் நிறையப் பேச்சும் இருந்தன. மேலே, ஏரி இருக்கிற ஊரில், மூஞ்சிக்கல்லில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தேன். பக்கத்து ஊர் வில்பட்டிக்காரர்கள் ஓடையிலிருந்து காரட்டுக்கும் பூண்டுக்கும் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் இன்ஜின்கள் என்னிடம் வரும். நன்றாகத்தான் பார்த்தேன். அதுதான் என்னைக் கெடுத்தது. வரிசையாகப் பத்து இன்ஜினை ஓடவைத்தவனுக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். எனக்கு முளைத்த கொம்பு தகரக் கூரையில் இடித்தது.

“இன்ஜின்னா இன்ஜின்தான். லாரியில வச்சாலும் மாவு மில்லுல வச்சாலும் அதுக்குச் சுத்த மட்டுந்தான் தெரியும்” என்று டீக்கடையில் உட்கார்ந்து தினமும் சொல்வேன். யாரும் கேட்காத நாளிலும் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. அணைக்கட்டுக்குப் பக்கத்து ஊரில் பிறந்து, வாய்க்காலில் முழங்கால் நனைவதற்கே வேட்டியோடு சேர்த்து உயிரையும் கையில் பிடித்துக்கொள்கிறவன் நான்.

முதலாளி என்று நான் எழுதுகிறவர் பழனிக்காரர். அங்கே அவர் குடும்பத்துக்குப் பஞ்சாமிர்தக் கடையும், சாமி கும்பிட வருகிறவர்கள் தங்குகிற விடுதியும் உண்டு. கீழே இடம் பற்றாமல் மேலே வந்து, ஏரியோரம் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களாவை வாங்கி விடுதியாக்கினார். பங்களாவோடு நாற்காலி, பீங்கான், துருப்பிடித்த கணப்பு எல்லாம் வந்தன. ஒரு படகும் வந்தது. ஆறேழு பேர் உட்காருகிற மரப்படகு. நடுவில் ஒரு மரப்பெட்டிக்குள் இன்ஜின். அதிலிருந்து இரும்புத் தண்டு ஒன்று பின்பக்கம் போய், படகின் அடியில் ஒரு துளை வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும். அதன் முனையில் விசிறி. துளை வழியே தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, தண்டைச் சுற்றிக் கிரீஸ் தடவிய கயிற்றைத் திணித்து இறுக்கியிருப்பார்கள். பம்பிலும் அதே ஏற்பாடுதான் உண்டு. அதைப் பார்த்ததும் ‘அட, நம்ம பம்பு’ என்று நினைத்தேன். என் அழிவு அங்கே தொடங்கியது.

படகோட்டி சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட குடும்பம். அங்கே மலைக்கு நடுவில் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருந்ததாம். தோட்டத்துத் துரையின் இன்ஜின் படகை ஏழெட்டு வருடம் ஓட்டியவர். இங்கே வந்து காட்டில் மரப்பட்டை உரிக்கிற கூலியாக இருந்தவரை, படகு ஓட்டத் தெரியும் என்று கேள்விப்பட்டு முதலாளி வேலைக்கு வைத்தார். விடுதிக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார். படகு வேலை இருந்தால் அந்த அறை இருக்கும். அறை இருந்தால் அவர் பெண்டாட்டிக்கும் இரண்டு பெண்களுக்கும் தலைக்கு மேல் ஓடு இருக்கும். எல்லாம் ஒரே ஆணியில் தொங்கியது.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த மே மாதம். சீசன் கூட்டம். விடுதியின் தண்ணீர்ப் பம்பு மக்கர் செய்கிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பம்பு இருப்பது ஏரிக்கரையில். நான் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி தன் வருங்காலச் சம்பந்தியைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். பெண் பார்த்து முடிந்து, பேச்சு முடியாத நேரம். சம்பந்தி திண்டுக்கல்காரர். சலவை வேட்டியில், கையில் ஒரு துணிப் பை நிறையப் பேரிக்காயோடு உட்கார்ந்திருந்தார்.

படகு ஒரு வளைவு சுற்றிக் கரைக்குப் பக்கமாக வந்தது. தண்ணீர் மேல் பேச்சு நன்றாகக் கேட்கும்.

“ஐயா, பக்கத்துக் குழாயில தண்ணி விழல. பாசி அடைச்சிருக்கு. ஒரு நிமிசம் நிப்பாட்டிச் சுத்தம் பண்ணிருவோம்” என்றார் படகோட்டி. ஏரித் தண்ணீரை உள்ளே இழுத்து, படகின் பக்கவாட்டுக் குழாய் வழியாக வெளியே விட்டுத்தான் அந்த இன்ஜின் சூடு ஆறும்.

“சம்பந்தி ஏறி அஞ்சு நிமிசம் ஆகல. அதுக்குள்ள நிப்பாட்டவா? ஓட்டுப்பா.”

“இன்ஜின் காஞ்சிரும் ஐயா.”

“கரையில போயிக் காயட்டும். ஓட்டுன்னா ஓட்டு.”

மூன்றாவது முறையும் அவர் சொன்னார், முதலாளி. நீங்கள் முன்னால் பார்த்தபடியே, போ என்று விரலை மட்டும் ஆட்டினீர்கள். நான் பார்த்தேன். விரல் நின்ற கொஞ்ச நேரத்தில் இன்ஜினும் நின்றது. பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது. சம்பந்தி பயந்து எழுந்து, எண்ணெயில் வழுக்கி, அந்தச் சலவை வேட்டியோடு பெட்டி மேலேயே உட்கார்ந்தார். பிறகு சூடு தாங்காமல் அதைவிட வேகமாக எழுந்தார். கல்யாணம் எப்படியோ நடந்தது. இன்ஜின் பிழைக்கவில்லை. தலைப்பாகம் வெடித்து, பிஸ்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

கரையில் நின்று முதலாளி தூத்துக்குடிக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார். அங்கே கடலில் ஓடுகிற லாஞ்சுக்கு இன்ஜின் மாட்டுகிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறாராம். நான் கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

“அவரு எதுக்குங்க? உப்புத் தண்ணி குடிச்சவன் வந்தாத்தான் போல்ட்டு கழலுமா?”

“ஏப்பா, நீ பம்பு பாக்குறவன்.”

“பம்பும் தண்ணியிலதானுங்க கெடக்கு.”

இந்தப் பதிலை நான் அன்று சாயங்காலம் மூன்று டீக்கடைகளில் திரும்பச் சொன்னேன். மூன்றிலும் சிரித்தார்கள். என் திறமையைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டேன்.

முதலாளி வேலையை என்னிடமே விட்டார். படகைக் கரையேற்றினோம். தைல மர உருளைகளை அடியில் போட்டு உருட்டி, விடுதியின் கார் ஷெட்டுக்குள் கொண்டுபோனோம். மூன்று தைலக் கம்பங்களை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக் மாட்டி, செத்த இன்ஜினைத் தூக்கி வெளியே எடுத்தேன். அதுவரைக்கும் எல்லாம் சரி. அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கு நான் மரியாதையான மனிதன்.

புது இன்ஜின் தூத்துக்குடியிலிருந்து லாரியில் வந்தது. புதிது என்றால் எங்களுக்குப் புதிது. நல்ல இன்ஜின். ஆனால் பழையதைவிட அகலம். பழைய இன்ஜினைத் தாங்கிய இரண்டு மரக்கட்டைகளும் இதன் காலுக்குப் பொருந்தவில்லை. அடியில் வேறு கட்டை வைத்து, இழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உயரம் கூட்டிக் குறைத்துப் பொருத்த வேண்டும். தச்சரைக் கூப்பிட்டால் என் பெருமையில் பாதி அவருக்குப் போய்விடும். யோசித்தேன். பம்புசெட்டுக்கு என்ன செய்வோம்? தரையில் குழி வெட்டி, போல்ட்டுகளை நிறுத்தி, கான்கிரீட் ஊற்றி, அதன் மேல் இன்ஜினை உட்கார வைப்போம். எத்தனை வருடமானாலும் அசையாது.

ஆமாம். படகுக்குள் கான்கிரீட் ஊற்றினேன்.

ஒரு மூட்டை சிமெண்ட். அதற்குத் தகுந்த மணல், ஜல்லி. பலகைகளுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் நடுவில் கம்பி கட்டி, போல்ட்டுகளை நிறுத்தி, அழகாகப் பூசி, கொத்தனார் கரணையால் ஓரம் எல்லாம் மழமழ என்று இழுத்துவிட்டேன். அந்த மலையில் அதுவரைக்கும் யாரும் படகுக்கு அஸ்திவாரம் போட்டதில்லை. எந்த மலையிலும் போட்டிருக்க மாட்டார்கள்.

படகோட்டி ஷெட் வாசலில் நின்று பார்த்தார். அவர் முகத்தில் இருந்ததை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

“ஐயா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. மரம் தரையில கெடக்கையில ஒரு மாதிரி இருக்கும். தண்ணியில எறக்கினா வேற மாதிரி வளையும். எங்க பக்கத்துல, தண்ணியில எறக்கி ரெண்டு நாள் ஊறவிட்டு, அப்புறந்தான் இன்ஜினையும் தண்டையும் நேர் பாத்து முறுக்குவாங்க. விளங்குதுங்களா?”

“நீ கொழுந்து பறிச்ச ஊருல அப்பிடி. இங்க வேற.”

“நான் கொழுந்து பறிக்கல ஐயா. படகுதான் ஓட்டினேன்.”

“அப்ப ஓட்டு. மாட்டுறது என் சோலி.”

அவர் சிமெண்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, “இது இன்னமே படகோட ஒட்டிக்கிட்டுத்தான் வரும்” என்றார். பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினேன்.

கான்கிரீட் இறுக வேண்டும் என்றால் பத்து நாள் ஈரம் காய விடக்கூடாது. படகுக்குள் ஈரச் சாக்குகளைப் பரப்பி, காலையிலும் மாலையிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். விடுதி வாட்ச்மேன் தினமும் வந்து நிற்பார்.

“ஏண்ணே, ஊருல எல்லாரும் படகுக்குள்ள வர்ற தண்ணிய வெளிய எறைப்பாங்க.”

“உனக்கு என்னலே தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதுண்ணே. அதான் கேக்குறேன்.”

படகின் உள்பக்கம் இப்படி நனைந்துகொண்டிருக்க, வெளிப்பக்கம் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வருடம் மழை தள்ளிப்போனது. தகரக் கூரையின் கீழ் பகலெல்லாம் சூடு. பலகைகளுக்கு நடுவே பொருத்துகள் விரிய ஆரம்பித்தன. ஒரு பொருத்தில் வெளிச்சம் தெரிந்தது. நான் அதில் கிரீஸ் தடவினேன். தண்டும் இன்ஜினும் சந்திக்கிற இடத்தில் இரண்டு இரும்பு வட்டங்கள் எதிரெதிராக இருக்கும். அவற்றுக்கு நடுவே இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் தண்டு நேராக இருக்கிறது என்று அர்த்தம். தகடு நுழைத்து அளந்தேன். நாலு பக்கமும் மயிரிழை பிசகில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு துல்லியமாக ஒரு வேலை செய்ததில்லை. தரையில் நிற்கிற படகுக்கு.

வீட்டில் சொன்னேன். என் மனைவி வடகம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“படகு மெதக்குமாங்க?” என்று கேட்டாள்.

“மரம்டி. மரம் மெதக்காம?”

“சிமெண்டு?”

நான் வடகத்தை எடுத்தேன். இன்ஜின் பக்கமே வராத ஒருத்திக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவள் முதலில் சொல்லிவிட்டதால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆயுத பூசையை ஒட்டி ஒரு நல்ல நாள் பார்த்துப் படகை இறக்கினோம். இரண்டாம் சீசன் தொடங்கும் நேரம். முதலாளி குடும்பத்தோடு பழனியிலிருந்து வந்திருந்தார். வில்பட்டியிலிருந்து என் வாடிக்கைக்காரர்கள் பத்துப் பேர், சந்தைக்கு வந்தவர்கள், அப்படியே ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள். நானே போய் எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். புதுச் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர். இன்ஜினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பூசணிக்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று ஒரு சிக்கல் வந்தது. லாரி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றலாம். படகுக்குச் சக்கரம் எங்கே? கடைசியில் உருளைக் கட்டைகளுக்கு முன்னால் நாலு பழம் வைத்தோம். படகு அவற்றை நசுக்கிய விதத்திலேயே அதன் கனம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சாறு என் புதுச் சட்டை வரைக்கும் தெறித்தது.

தண்ணீரில் இறங்கியதும் பின்பக்கம் தாழ்ந்தது. ஆளே ஏறாமல் அஞ்சாறு பேர் ஏறிய மாதிரி நின்றது. படகோட்டி என்னிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“ரெண்டு நாள் இப்பிடியே ஊறட்டும் ஐயா. பலகை உப்பினா பொருத்து மூடிக்கும். இன்னிக்கி ஓட்ட வேண்டாம்.”

“இத்தனை பேரு எதுக்கு வந்திருக்காங்க? குளிக்கவா?”

“சரிங்க. கரையோரமாவே போவோம்.”

அவர் சுக்கான் பிடித்தார். நான் இன்ஜினுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தேன். முதலாளியை ஏறச் சொன்னேன். போன தடவை சம்பந்தி உட்கார்ந்த இடம் ஞாபகம் வந்ததோ என்னவோ, நீங்க முதல்ல போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டார்.

இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்தது. அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். கரையில் கை தட்டினார்கள். நான் ஒரு கையைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் படகு நடுங்க ஆரம்பித்தது. மரம் தண்ணீரில் தன் வளைவுக்குப் போகப் பார்க்கிறது. என் கான்கிரீட் விடவில்லை. தண்டு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தடதட என்று அடித்துக்கொள்கிறது. கிரீஸ் கயிறு பிய்ந்து வந்தது. காலுக்கடியில் ஈரம் தெரிந்தது.

“ஐயா, நிப்பாட்டுவோம். தண்ணி ஏறுது.”

“புது இன்ஜின்யா. பழகிரும். போ.”

“ஐயா, தண்டு அடிக்குது.”

முன்னால் பார்த்தபடியே விரலை ஆட்டினேன். அந்த விரலை நான் மே மாதத்தில் கரையிலிருந்து பார்த்து, பணக்காரத் திமிர் என்று என் மனைவியிடம் திட்டியிருந்தேன். என் கையிலும் அதே விரல் இருந்திருக்கிறது.

அடியில் ஏதோ முறிந்தது. கான்கிரீட் நடுவில் பிளந்து, ஒரு பலகையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் ஊற்று மாதிரி வந்தது. பின்பக்கம் அப்படியே உட்கார, நான் மாலையோடு இருந்த இன்ஜினைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மிதக்கிற பொருளை விட்டுவிட்டு மூழ்குகிற பொருளைப் பிடிப்பதற்கும் ஒரு படிப்பு வேண்டும். முருகா முருகா என்று கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன். வாய்க்குள் பாசி போனது. யாரோ என் ஸ்வெட்டர் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள்.

“காலை ஊனுங்க ஐயா.”

“நீச்சல் தெரியாதுய்யா.”

“நீச்சல் வேண்டாம். காலை ஊனுங்க. இடுப்பளவு தண்ணிதான்.”

ஊன்றினேன். இடுப்பளவுதான் இருந்தது. அவர் தான் சொன்னபடியே, கிளம்பிய நேரத்திலிருந்து ஆழத்துக்குப் போகாமல் கரையோரமாகவே ஓட்டியிருக்கிறார். நான் போ போ என்றதைக் கேட்டு அவர் நேராக ஏரி நடுவுக்குப் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கரையில் சிரிப்பு ஓய ரொம்ப நேரம் ஆயிற்று. ஒரு வில்பட்டிக்காரர், “அண்ணே, வெரசா வாங்க, எங்க பம்புக்குத் தண்ணி பத்தலை” என்று கத்தினார்.

அடுத்து நடந்ததுதான் சிரிப்பதற்கில்லாதது.

கம்பளி போர்த்தி எனக்கு டீ கொடுத்தார்கள். படகோட்டிக்கு யாரும் கம்பளி கொடுக்கவில்லை. அவர் சொட்டச் சொட்ட நின்றார். முதலாளி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரிடம் போனார்.

“போன இன்ஜினும் உன் கையிலதான் போச்சு. இப்ப படகும் போச்சு. ஓட்டத் தெரியாதவனுக்கு எதுக்கு ரூமு? நாளைக்கு வெள்ளனே காலி பண்ணிரு.”

படகோட்டி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் சொல்ல வேண்டியது ஒரு வரி. சிமெண்ட் போட்டது நான், ஓட்டச் சொன்னது நான். எதிரில் வில்பட்டிக்காரர்கள் நின்றார்கள். இதைச் சொன்னால் நாளைக்கு எவன் என்னிடம் பம்பைக் கொண்டு வருவான் என்று தோன்றியது. டீயை ஊதினேன். ஆறிப்போன டீயை ஊதினேன். அப்புறம் அவர் பெண்டாட்டியிடம் சொல்லப் போய்விட்டார்.

படகை வெளியே எடுக்க முடியவில்லை. லாரியில் கயிறு கட்டி இழுத்தபோது முன்பாதி மட்டும் வந்தது. இன்ஜினைப் பிறகு தனியாகக் கழற்றி எடுத்தார்கள். பின்பாதியும் அஸ்திவாரமும் அங்கேயே சேற்றில் இருக்கின்றன. நான் சொன்னபடி அசையவில்லை.

படகோட்டி குடும்பம் வடகவுஞ்சிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போய்ச் சேர்ந்தது. நாலைந்து வருடம் கழித்து அதே தோட்டத்தில் பம்பு மாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். போய் இறங்கினால், ஜல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிரே வருகிறார்.

நான் குனிந்து போல்ட்டை எண்ணினேன். நாலே போல்ட். எண்ணி முடிந்துவிட்டது.

“இங்க அஸ்திவாரம் போடலாம் ஐயா. இது நகராது” என்றார்.

“இன்னும் அதையே வச்சிருக்கியா?”

“வேற என்ன இருக்கு வச்சுக்கிறதுக்கு?” என்று சிரித்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜல்லியைக் கொட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போனார். வேலை முடிந்ததும் கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

போன வாரம் அவர் என் கொட்டகைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. கையில் உங்கள் மலர். புதுப் படகுக்காரர்கள் அவரைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொன்னார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“எனக்கு வாசிக்கத் தெரியும் ஐயா. இருந்தாலும் நீங்க ஒருக்கா வாசிங்க. நான் வாசிச்சது சரியான்னு பாக்கணும்.”

வாசித்தேன். என் வாயாலேயே அந்த வரியை வாசிக்க வைத்தார்.

“நீங்க என்னைக்காவது சொல்லுவீங்கன்னு எங்க வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பா. நான் மாட்டாருன்னேன். யாரு சொல்றது சரின்னு இன்னும் முடிவாகல.”

அவர் போன பிறகு நான் நேராக விடுதிக்கு நடந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். முதலாளி கணக்குப்பிள்ளை மேசையில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். சிமெண்ட், ஈரச் சாக்கு, விரல், எல்லாம். இடி விழும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கொட்டையைத் துப்பிவிட்டு, “தெரியும்பா” என்றார்.

“என்னங்க தெரியும்?”

“அன்னைக்கே வாட்ச்மேன் சொல்லிட்டான். ஊருக்கே தெரியுமேப்பா. வில்பட்டியில உன் பேரே படகு மேஸ்திரிதானே. உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்தால் வில்பட்டிக்காரர்கள், “மேஸ்திரி வர்றாரு” என்று எழுந்து நிற்பார்கள். மரியாதை என்று நினைத்திருந்தேன். பத்து வருடம் நான் பூட்டி வைத்த ரகசியம், பூட்டே இல்லாத வீட்டில் இருந்திருக்கிறது. ஊருக்குத் தெரிந்தும் அவர்கள் பம்பை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். நான் அன்று வாயைத் திறந்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“தெரிஞ்சும் அவரை ஏங்க நிப்பாட்டுனீங்க?”

“படகு இல்லாத எடத்துல படகோட்டிக்கு என்னப்பா சோலி? சமையக்காரனுக்கு ரூமு வேண்டியிருந்துச்சு. உன்னைய நிப்பாட்டினா பம்பை யாரு பாப்பா?”

“அதை மலர்ல போட வேண்டியதுதானே?”

“மலர்ல இதையெல்லாம் யாராவது போடுவாங்களா? படகு என்னாச்சுன்னு வர்றவுக கேக்குறாக. ஏதாவது எழுதணும்ல.”

“திருத்திப் போடுங்க. இல்லைன்னா அந்தப் படகுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவருக்கு வேலை கெடைக்கணும்.”

“அச்சடிச்சதை எங்க போயித் திருத்த? விடுப்பா, பழைய கதை. ஆமா, வந்தது வந்தே, மேல் டேங்க் பம்புல ஒரு சத்தம் வருது. பாத்துட்டுப் போ.”

போய்ப் பார்த்தேன். இதையும் எழுதிவிடுகிறேன். கோபத்தோடேயே போய், பேரிங் மாற்றி, சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

புதுப் படகுக்காரர்களிடம் நானே போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். சிரிக்கவும் செய்தார்கள். நீங்கள் சொல்வது இருக்கட்டும், படகுக்குச் சொந்தக்காரர் அச்சில் போட்டிருக்கிறார், அவர் மாற்றிச் சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். ஆக, என் ஒப்புதலுக்கு மதிப்பு இல்லை. பத்து வருடம் கழித்து வந்த ஒப்புதலுக்கு வேறு என்ன கிடைக்கும்?

உங்கள் வார்த்தைக்குத்தான் மதிப்பு இருக்கிறது, முதலாளி. வருகிற வியாழக்கிழமை வர்த்தகர் சங்கக் கூட்டம். நீங்கள் மேடையில் இருப்பீர்கள். புதுப் படகுக்காரர்கள் வருவார்கள். படகோட்டியை நான் கூட்டி வருகிறேன். எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, எல்லார் காதிலும் விழும்படி இந்த ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்: அந்த மனிதர் செய்த தப்பு என்ன?